காலை எட்டு மணி அழைப்பு

மெல்பர்னில் ஊரடங்கு எண்பதாவது நாளைத் தொட்டபோது, உற்சாகம் என்ற சொல்லைக் கேட்டாலே ஷெரிலுக்கு எரிச்சல் வந்தது. அந்தத் தெருவில் தனியாக வாழும் ஆறு பேர், ஆளுக்கொருவரைத் தினமும் தொலைபேசியில் அழைத்துத் தைரியம் சொல்வதென்று ஏற்பாடு. ஷெரிலை அழைப்பது எதிர்வீட்டுப் பெண் ராபினின் பொறுப்பு. காலை எட்டு மணிக்கு வீட்டுத் தொலைபேசி தவறாமல் அடிக்கும்.

"மூணு நல்ல விஷயம் சொல்லு, பாக்கலாம்!"

"டீ சூடா இருக்கு. மழை நின்னுடுச்சு. நீ இப்ப போனை வெச்சா அது மூணாவது."

ஒருநாள் குப்பைத் தொட்டியை வெளியே தள்ளிவந்தபோது ஷெரில் எதிர்வாசலில் ராபினைப் பார்த்தாள்.

"தாயே, நாளைலேருந்து கூப்பிடாத. என்கிட்ட நல்ல விஷயமெல்லாம் தீர்ந்துபோச்சு."

முகக்கவசத்துக்கு மேலே ராபினின் கண்கள் கலங்கின. "குத்திக் காட்டாத ஷெரில். நான் ஒருநாள்கூட உன்னைக் கூப்பிடலதான். படுக்கையை விட்டு எழுந்திருக்கவே முடியல. நீ திட்டுவேன்னு ஒளிஞ்சு கிடந்தேன்."

மறுநாள் காலை ஷெரில் கைபேசியில் ராபினை அழைத்தாள். ராபின் அழுதாள், அப்புறம் கொஞ்சம் சிரித்தாள். பேசிக்கொண்டிருக்கும்போதே எட்டு மணிக்கு வீட்டுத் தொலைபேசி அடித்தது.

"எடு," என்றாள் ராபின். "யாருன்னு நானும் கேக்குறேன்."

ஷெரில் எடுத்தாள். அதே குரல்தான், ராபினின் குரல். அன்று அது நல்ல விஷயம் எதையும் கேட்கவில்லை.

"ராபின் எழுந்துட்டாளா?" என்று கேட்டது.