கடுக்காய்ப் பானை

கடுக்காய்த் தண்ணீரில் ஊறிய வெள்ளைப் புடவை விடிவதற்குள் கறுத்துக் கிடந்ததைப் பார்த்துப் பெருமாயி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். பிரசவத்துக்கு வந்த மகளும் பேரனும் நாளைக்குக் கொஸ்லந்தையிலுள்ள மருமகன் வீட்டுக்குப் புறப்பட வேண்டும். பிள்ளை பெற்ற மகளுக்குத் தாய் தன் கையால் சாயம் போட்ட சிவப்புப் புடவையைக் கட்டித்தான் அனுப்புவார்கள். அது அவர்கள் வீட்டு வழக்கம்.

"கடுக்காய்த் தண்ணியில இரும்பு பட்டாத்தானே துணி கறுக்கும்? நான் மண்பானையிலதானே ஊறப்போட்டேன்," என்று கண் கலங்கினாள்.

சின்னத் தப்புக்கெல்லாம் எரிந்து விழும் அவள் புருஷன் சடையன், அன்றைக்கு என்னவோ பாக்கைக் கல்லில் தட்டிக்கொண்டே, "விடு புள்ள, கை தவறுறதுதான். பதுளையில வாங்கின இன்னொரு துணி இருக்குல்ல, அதை ஊறப்போடு," என்றான்.

"மறுபடி ஊறவச்சு, படிகாரம் போட்டு, சாயவேர் கொதிக்கவச்சு முடிக்க இன்னும் ரெண்டு மூணு நாள் ஆகுமேங்க. நாளைக்கு மருமகன் வண்டியோட வந்து நிப்பாரே."

"அதை நான் சொல்லிக்கிறேன்," என்றவன், தொட்டிலில் கிடந்த பேரனைத் தூக்கிக்கொண்டு தோட்டத்து லய வீட்டு வாசலுக்குப் போய்விட்டான்.

பெருமாயி பானையைக் கவிழ்த்தாள். கறுத்த தண்ணீரோடு சடையனின் இரும்புப் பாக்குவெட்டி வந்து விழுந்தது.

வாசலை எட்டிப் பார்த்தாள். பேரன் தாத்தாவின் மீசையைப் பிடித்து இழுத்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

பெருமாயி வேறு பானையில் கடுக்காய்த் தண்ணீர் ஊற்றி, அடுத்த துணியை நனைத்தாள். பிறகு, சத்தம் வராமல் பாக்குவெட்டியையும் அதற்குள் போட்டு மூடினாள்.