ஆயில் போல்ட்

"எட்டி நில்லு. வேடிக்கை பாக்கறதுன்னா அங்கேர்ந்தே பாரு. உதவி பண்றேன்னு கிட்ட வந்துடாதே."

கணவன் சொன்னதும் அவள் வாசல்படியிலேயே நின்றுவிட்டாள். ஸ்கூட்டர் நடு ஸ்டாண்டில் நின்றது. ஆயில் இளகட்டும் என்று கொஞ்ச நேரம் ஓடவிட்டு அணைத்திருந்தான். எஞ்சினுக்கு அடியில், அவள் சமையலறையிலிருந்து தாரை வார்த்துக் கொடுத்த பழைய தட்டம். பக்கத்தில் புது ஆயில் டப்பா, ஸ்பேனர், துடைக்க ஒரு கிழிந்த பனியன்.

"என்னங்க, இடது கையையும் சேர்த்துப் பிடிச்சுக்கலாமே?"

"கூடாது. வலது கை மட்டும்தான். லிஃப்ட் குழிக்குள்ள இடது கை பிடிமானத்துக்கு. வேலை செய்யறது இந்தக் கைதான்."

அவனுக்கு லிஃப்ட் பொருத்துகிற வேலை. மழையில் படி வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு நொறுங்கியதிலிருந்து வீட்டில் இருக்கிறான். உள்ளே தகடு வைத்துத் தைத்தாகிவிட்டது. ரப்பர் பந்தை அமுக்கி அமுக்கிப் பயிற்சியும் நடக்கிறது. எலும்பு கூடிவிட்டது, இனி பயமில்லை என்று டாக்டரே சொல்லிவிட்டார். பயம் போகாதது இவனுக்குத்தான்.

மூன்று நாள் முன்பு, சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடியே சொன்னான்: "ஞாயித்துக்கிழமை வண்டிக்கு ஆயில் மாத்தப் போறேன். அடியில ஆயிலை அடைச்சிருக்கற போல்ட்டை இந்தக் கையால கழட்டிட்டா மறுநாளே வேலைக்குப் போறேன். முடியலன்னா, வேற ஆளைப் பாத்துக்குங்கன்னு கம்பெனில சொல்லிடுவேன்."

சொன்னால் சொன்னதுதான். அவள் தலைகீழாக நின்றாலும் மாற்ற முடியாது. அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அதனால்தான் அந்தத் திருட்டுவேலை. மறுநாளே தெருமுனை மெக்கானிக்கைப் பிடித்தாள். "தம்பி, சனிக்கிழமை அவர் கைப் பயிற்சிக்குப் போயிடுவார். நானும் மருந்துக்கடைக்கு வேலைக்குப் போயிடுவேன். கேட்டு திறந்துதான் இருக்கும். நீ வந்து வண்டியோட ஆயில் போல்ட்டை லூஸ் பண்ணி, விரலால திருகினாலே வர்ற மாதிரி விட்டுட்டுப் போயிடு. இதைப் பத்தி யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாது."

"கவலைய விடுங்கக்கா" என்று அவனும் மீசையைத் தடவிக்கொண்டு தலையாட்டினான்.

ஆகவே இன்று அவளுக்கு ஒரே ஒரு வேலைதான். போல்ட் கழன்றதும் வாயைப் பிளந்து ஆச்சரியப்பட வேண்டும். காலையில் கண்ணாடி முன் ஒத்திகைகூடப் பார்த்திருந்தாள்.

அவன் குத்துக்காலிட்டு ஸ்பேனரைப் பொருத்தி இழுத்தான். போல்ட் அசையவில்லை.

அவளுக்குத் திக்கென்றது.

மறுபடி இழுத்தான். கழுத்து நரம்பு புடைத்தது. மூக்கு நுனியிலிருந்து வியர்வை தட்டத்தில் சொட்டியது. ஸ்பேனர் நழுவித் தரையில் கணீரென்று விழுந்தது.

"கொஞ்சம் டைட்டா இருக்கு" என்றான்.

டைட்டாவது ஒன்றாவது! விரலால் வரவேண்டிய போல்ட்டைக்கூட அசைக்க முடியாத அளவுக்கா கை போய்விட்டது? ஒருநாள் சாப்பாடு கொண்டுபோனபோது லிஃப்ட் குழிக்குள் எட்டிப் பார்த்திருக்கிறாள். உள்ளே ஒரு சின்ன விளக்கு. அந்தரத்தில் நின்றுகொண்டு, ஆளுயர இரும்புச் சட்டத்தை ஒற்றைக் கையால் தாங்கி, இவளைப் பார்த்துச் சிரிக்கவும் சிரித்தான். அன்று இவள் மூச்சே விடாமல் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தக் கையா இது?

"விடுங்களேன். நாளைக்கே போகணும்னு இங்க யாரு அழுதா?"

"பேசாம இரு."

கண்ணை மூடிக்கொண்டான். கட்டைவிரலால் போல்ட்டை ஒருமுறை தடவிப் பார்த்தான். மெதுவாக, விடாமல், தோளிலிருந்து விரல்வரை ஒரே இழுப்பு. பல்லைக் கடித்த சத்தம் அவளுக்கே கேட்டது.

டக்.

கறுப்பு ஆயில் கயிறு மாதிரி தட்டத்தில் இறங்கியது.

"வந்துடுச்சுடி! பாத்தியா? வந்துடுச்சு!"

"அடேங்கப்பா! உங்க கைக்கு ஈடு உண்டாங்க?" என்றாள் அவள், ஒத்திகை பார்த்தபடியே. குரல்தான் பாதியில் உடைந்தது. அவன் அதைச் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டான்.

ஆனால் இந்தக் கையை நம்பி நாளைக்குக் குழிக்குள் இறங்கப் போகிறான். நழுவினால்? அந்தரத்தில் பிடி விட்டுப்போனால்? ஆளையே பறிகொடுப்பதைவிட அவன் கோபத்தை வாங்கிக் கட்டிக்கொள்வதே மேல்.

"என்னங்க, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்..." என்று ஆரம்பிப்பதற்குள் வாசல் கேட் கிறீச்சிட்டது.

தெருமுனை மெக்கானிக். தோளில் நீளமாய் ஓர் இரும்புக் குழாய். அவன் கண்ணால் கூப்பிட, இவள் ஓடினாள்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க" என்று கிசுகிசுத்தான். "நேத்து அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனதுல இந்தப் பக்கமே வர முடியல. அண்ணன் கை வைக்கறதுக்குள்ள அவரை உள்ள கூப்பிட்டுக்குங்க, நான் கழட்டிடறேன். ஆயில் கசியுதுன்னீங்களேன்னு போன தடவை ஸ்பேனர்ல இந்தக் குழாயை மாட்டி, மேல ஏறி நின்னு முடுக்கின போல்ட்டு அது, அக்கா. வெறும் ஸ்பேனரால எனக்கே அசையாது!"

அவள் மெல்லத் திரும்பினாள். பனியனில் விரல் விரலாய்த் துடைபட்டுக்கொண்டிருந்த அந்த வலது கையைப் பார்த்து, கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது அவளுக்கு.