ஒருமுறை ஓடிய மோட்டர்

“மோட்டர் வைச்சதைத்தான் வாங்கச் சொல்லப்போறன்” என்றான் ஆனந்தராசா, விலைப் புத்தகத்திலிருந்து தலையை எடுக்காமல்.

தேநீர் கொண்டுவந்த யோகராணி எட்டிப் பார்த்தாள். மா அரைக்கிற மெசின், தேங்காய் துருவுகிற மெசின் என்று ஏதாவது இருக்கும் என்ற நப்பாசைதான். பக்கம் முழுக்கப் பித்தளைக் கோதுகள்.

“ஐயோ! இது துவக்குச் சன்னத்தின்ர கோதெல்லோ!”

“ஓமப்பா. பக்கத்து வீட்டுக் கொலினுக்கு. மான் வேட்டைக்குப் போறவர். வெடி வைச்சால் கோதின்ர கழுத்து கொஞ்சம் நீண்டுபோகும். அதை அளவா வெட்டிப்போட்டுத்தான் திரும்ப மருந்து அடைக்கலாம். அவரிட்ட இருக்கிற வெட்டுற மெசின் கையால சுத்துறது. மனுசனுக்கு விரல் மூட்டெல்லாம் வீங்கிக் கிடக்கு. நான் பட்டறையில லேத் வேலை செய்யிறவன் எண்டு யோசனை கேட்டவர்.”

யோகராணிக்குத் தலை சுற்றியது. துவக்குக்குத் தப்பி யாழ்ப்பாணத்திலிருந்து ஆக்லாந்துக்கு ஓடிவந்து இன்னும் ஒரு வருசம் முழுசாக ஆகவில்லை. பாபகூராவில் வாடகைக்கு ஒரு வீடு எடுத்து, அப்பாடா என்று இருந்தால், கட்டின புருசன் துப்பாக்கிச் சன்னம் செய்ய மெசின் பார்க்கிறான்!

“மான் சுடுறவனுக்கு நீங்கள் உதவியோ? வெள்ளிக்கிழமை விளக்கேத்துற வீட்டில?”

“நல்ல மனுசன், ராணி. எங்கட ஊர்ச் சண்டையை டீவியில பாத்துக் கண் கலங்கினவர்.”

“ஆடு நனையுதெண்டு ஓநாய் அழுததாம்!”

கொலின் கிழமைக்கொரு தடவை தன் மரத்துத் தேசிக்காயை ஒரு கிண்ணத்தில் நிரப்பி இவர்கள் வாசற்படியில் வைத்துவிட்டுப் போவான். தேசிக்காய் என்ன பாவம் செய்தது? அதை ஊறுகாய் போட்டாள். கிண்ணத்தை மட்டும் வெறுமையாகத் திருப்பி அனுப்பினாள்.

அயல் வீட்டுப் பாத்திரத்தில் ஒரு பிடி சீனியாவது போட்டுக் கொடுப்பதுதான் அவளுடைய ஊர் வழக்கம். வெறுமையாகக் கொடுப்பது முகத்தில் அறைகிற மாதிரி. கொலினுக்கு இதெல்லாம் எங்கே விளங்கப்போகிறது? அடுத்த கிழமையும் தேசிக்காய் வந்தது.

மெசினும் வந்தது.

அன்று சனிக்கிழமை. ஆனந்தராசாவுக்குப் பட்டறையில் ஓவர்டைம். யோகராணி குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். திடீரென்று கொலினின் தகரக் கொட்டகைக்குள்ளிருந்து படபடவென்று ஒரு சத்தம். குசினியின் கண்ணாடிக் கதவு அதிர்ந்தது.

ஹெலி!

நினைவு வந்தபோது, அவள் மேசைக்கு அடியில் இருந்தாள். இரண்டு கையாலும் தலையைப் பொத்தியபடி. சத்தம் எப்போது நின்றதென்றே தெரியவில்லை. வெங்காயம் நிலமெல்லாம் சிதறிக் கிடந்தது.

வெட்கத்தில் அவளுக்கு முகம் எரிந்தது. பதினெட்டு வருசம் படிப்பித்த ரீச்சர். பள்ளிக்கூடத்துக்கு மேலே ஹெலி சுற்றிச் சுற்றிச் சுட்டபோதுகூட, பிள்ளைகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பதுங்குகுழிக்குள் இறக்கியவள். இப்போது போய் இப்படியா? நல்லவேளை, ஒருவரும் பார்க்கவில்லை. புருசனிடம் மூச்சுக்கூட விடவில்லை.

ஆனால் முடிவெடுத்துவிட்டாள்.

“வேற வீடு பாருங்கோ. கொலைகாரனுக்குப் பக்கத்தில என்னால இருக்க ஏலாது.”

“என்னப்பா திடீரெண்டு? வேலைக்குக் கிட்ட, ரெண்டு தெரு தள்ளி ரயில். இதை விட்டால் இப்பிடி ஒரு வீடு கிடைக்குமே?”

“நீங்கள் வராட்டி நான் தனியப் போறன்.”

வீடு அகப்பட இரண்டு மாதம் பிடித்தது. மவுண்ட் ஆல்பர்ட்டில். திங்கட்கிழமை போய்க் கையெழுத்துப் போட வேண்டியதுதான் மிச்சம்.

அந்த இரண்டு மாதத்தில் மோட்டர்ச் சத்தம் ஒருநாளும் கேட்கவில்லை. ‘மெசின் பழுதாப் போயிருக்கும். கடவுள் ஒருத்தர் இருக்கிறார்’ என்று யோகராணி உள்ளூரச் சந்தோசப்பட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை, கடைசிக் கிண்ணத்தைத் தானே எடுத்துக்கொண்டு புறப்பட்டாள். வெறுங் கிண்ணம்தான். போகிற நேரத்தில் அந்த மனுசனை முகத்துக்கு நேரே நாலு கேள்வி கேட்காவிட்டால் அவளுக்கு நித்திரை வராது.

கொட்டகைக் கதவு திறந்திருந்தது. கொலின் விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, பழைய மெசினின் கைபிடியைச் சுற்றிக்கொண்டிருந்தான். ஒரு கோது வெட்டுவான். நிறுத்திக் கையை உதறுவான். பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்ததை எடுப்பான். பக்கத்தில் புது மெசின், வயர் சுருட்டியபடி சும்மா இருந்தது.

“பழுதாகிவிட்டதா?” ஆங்கிலத்தில், ரீச்சர் குரலில் கேட்டாள்.

“இல்லையே! உங்கள் கணவர் தேர்ந்து தந்ததல்லவா? அருமையான மெசின்.”

“பிறகு ஏன் கையால் சுற்றுகிறீர்கள்?”

கிழவன் விரலில் சுற்றிய துணியை இறுக்கிக்கொண்டான்.

“ஒரேயொரு தடவை ஓடவிட்டேன். ஒரு சனிக்கிழமை” என்றான். “சத்தம் அதிகம். இந்த இடத்துக்கு அது சரிவராது. எனக்குக் கையே போதும்.”

சொல்லும்போது அவன் கண் ஒரு கணம் யன்னல் பக்கம் போய், சட்டென்று திரும்பியது. யோகராணியும் அந்தப் பக்கம் பார்த்தாள்.

நேரெதிரே அவளுடைய குசினிக் கண்ணாடிக் கதவு. உள்ளே மேசை. மேசையின் நாலு காலும், அதற்கு அடியில் இருந்த வெறும் நிலமும் அப்பட்டமாகத் தெரிந்தன.

அந்தச் சனிக்கிழமை அவள் தலையைப் பொத்திக்கொண்டு இருந்த இடம்.

கொலின் கிண்ணத்தை வாங்கக் கையை நீட்டினார். விரல்கள் வீங்கிச் சிவந்திருந்தன.

யோகராணி கிண்ணத்தை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள்.

“கொஞ்சம் பொறுங்கள்... வெறுமையாகக் கொண்டுவந்துவிட்டேன்.”