ஜன்னல் பக்கத்து மழை

"அந்த டிரைவரைத் தூக்கிட்டு வேற போடும்மா! மழை மொத்தமும் கதவுப் பக்கமே பெய்யுது."

கண்களை மூடியபடியே காதுக்காரர் இடது கையை நீட்டிக் கதவுப் பக்கத்துச் சுவரைக் காட்டினார். எதிரே, அவருடைய வலது பக்கம் ஜன்னல். படத்தில் வீட்டைச் சுற்றி மழை. ஸ்டூடியோவைச் சுற்றி வைத்த எட்டு ஸ்பீக்கர்களிலும் அது பெய்தாக வேண்டும்.

டிரைவர் என்றால் வண்டி ஓட்டுகிறவர் இல்லை. எந்தச் சத்தம் எந்த ஸ்பீக்கருக்கு என்று கம்ப்யூட்டருக்கும், ஸ்பீக்கர்களுக்குச் சத்தத்தைப் பிரித்தனுப்பும் ஒலிப்பெட்டிக்கும் நடுவே தூது போகிற மென்பொருள். அது இன்று தூதை மாற்றிச் சொல்கிறது என்று அவர் அடித்துச் சொன்னார்.

அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். கண்ணை மூடிக்கொண்டே எந்தத் துளி எந்த மூலையில் விழுகிறது என்று சொல்லிவிடுவார். அதனால்தான் தொழிலில் அந்தப் பெயர். ஒரு வாரமாகக் காய்ச்சலில் படுத்திருந்தவர், மாலையில் டைரக்டர் வருகிறார் என்று இன்றுதான் எழுந்து வந்திருந்தார். மழை சரியாகப் பெய்யாவிட்டால் படம் வேறு ஸ்டூடியோவுக்குப் போய்விடும்.

கம்ப்யூட்டர் வேலையெல்லாம் மகளுடையது. புது டிரைவரை ஏற்றி, எட்டு ஸ்பீக்கர்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"ஏழாவது ஸ்பீக்கர் ஜன்னல் பக்கம்தான் வருதுப்பா. எனக்கு நல்லாக் கேக்குது."

"காதுல பஞ்சு வெச்சிருக்கியா? அதுவும் கதவுப் பக்கம்தான்!"

ஒலிப்பெட்டியை அணைத்து மறுபடி போட்டாள். பழைய டிரைவருக்கே திரும்பிப் பார்த்தாள். மழை நகரவே இல்லை. இத்தனை வருஷத் தொழில் ஒரு மென்பொருளிடம் தோற்கிறதே என்று காதுக்காரர் நாற்காலிக் கையில் ஓங்கித் தட்டினார்.

ஜன்னலோரம் நின்றிருந்த மகள் சுற்றிக்கொண்டு கதவுப் பக்கம் வந்தாள். "எவ்வளவு நேரமாக் கூப்பிடறேன்! டீ ஆறுதுப்பா."

வேலையில் மூழ்கிவிட்டால் அவருக்கு உலகமே கேட்காது. அது வீட்டில் பழைய கதை.

"கொஞ்சம் இப்படித் திரும்புங்க" என்று அவருடைய சுழல் நாற்காலியைப் பின்னாலிருந்த மேசைப் பக்கம் முழுசாகத் திருப்பிவிட்டு, டீயைக் கையில் கொடுத்தாள். மழை ஓடிக்கொண்டேயிருந்தது.

டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனவர் துள்ளி நிமிர்ந்தார்.

"கேட்டியா! இப்ப மழை மொத்தமும் ஜன்னல் பக்கம் போயிடுச்சு! நான் சொல்லலை? டிரைவர்ல எதை மாத்தினே?"

குழந்தை மாதிரி சிரித்தார். மகள் சிரிக்கவில்லை. அவருடைய வலது காதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கம்ப்யூட்டரை நான் தொடவே இல்லப்பா... உங்க நாற்காலியைத்தான் திருப்பினேன்."