ஆள் நடக்காத பக்கம்

அண்ணன் வாசலில் ஷூவைக் கழற்றும்போதே பெருமையை ஆரம்பித்துவிட்டான். மேனேஜர் இன்று காலை எல்லார் முன்னாலும் அவனைத் தூக்கி வைத்துப் பேசினாராம், எல்லாரும் கைதட்டினார்களாம்.

தங்கை நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் வைத்திருந்த பார்சலின் டேப்பைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். தலையை மட்டும் ஆட்டினாள்.

எல்லாம் எறும்புகளிடம் கற்ற வித்தை. எறும்பு போகிற வழியெல்லாம் வாசனையை விட்டுச் செல்லும். பின்னால் வருவது அதை மோந்துகொண்டே வரும். கூட்டம் நடக்க நடக்க வாசனை ஏறும். நடக்காத வழியில் அது காற்றோடு போய்விடும்.

அவன் வேலை பார்க்கும் ஆன்லைன் கடையின் இணையதளத்தையும் அதே கணக்கில் மாற்றி அமைத்தான். ஆட்கள் மொய்க்கும் பக்கங்கள் தாமாகவே முன்னால் வந்தன. ஆள் வராத பக்கங்களுக்கான இணைப்புகள் தாமாகவே உதிர்ந்தன.

உதிர்ந்ததை ஒருமுறை பார்த்துவிடலாமா என்று கூட வேலை செய்யும் பெண் கேட்டாள். எறும்புக்குத் தெரியாததா நமக்குத் தெரியப்போகிறது என்று சிரித்துத் தட்டிக்கழித்துவிட்டான்.

தங்கை பார்சலிலிருந்து நிமிர்ந்தாள். "எல்லாம் சரிண்ணா, நான் எப்பவும் வாங்குற பக்கம் எங்க போச்சு? தேடித் தேடிக் கண்ணு பூத்துப்போச்சு."



அந்தப் பக்கத்தை உருவாக்கியதே அவன்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில், பழைய மேனேஜரின் கையைக் காலைப் பிடித்து வாங்கிய அனுமதி.

எங்கோ ஒருவர், எப்போதோ ஒருமுறை வந்து போகும் பக்கம் அது. எந்த வாசனை நிற்கும் அங்கே?

எறும்பைக் குறை சொல்ல முடியாது. அதற்குத் தங்கை இல்லை. இவனுக்கு இருந்தாள், இருந்தும் நினைவுக்கு வரவில்லை. அதுதான் சுட்டது. காலையில் கேட்ட கைதட்டலை நினைக்கவே கூசியது.

"விடுண்ணா. ஒத்தைச் செருப்பு வேற எங்கயும் கிடைக்கல, ஜோடியாவே வாங்கிட்டேன். மிச்சமும் வீணாப் போகாது, உன்னை அடிக்க ஆகும்!"

சொல்லிவிட்டு அவளே விழுந்து விழுந்து சிரித்தாள்.

இடது செருப்பை எடுத்துப் போட்டுக்கொண்டாள். ஊன்றுகோலை ஊன்றி எழுந்து, அறைக்குள் நடந்து பார்த்தாள். அளவு சரியாக இருந்தது.

வலது செருப்பு, சுற்றிய தாள்கூடப் பிரிக்காமல் பெட்டியிலேயே கிடந்தது.

அண்ணன் அதை வெளியே எடுத்தான். எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.