சவுக்குக் கம்புகள்

முதல்வர் மாளிகையின் பால்கனி விரிசல் விட்டிருந்தது. சிமெண்டு வாங்கக்கூடக் கஜானாவில் பணமில்லாததால், பொறியாளர் திருமாறன் நான்கு சவுக்குக் கம்புகளை முட்டுக் கொடுத்து நிறுத்தியிருந்தார். பார்க்க அசிங்கமாக இருக்கிறதென்று கட்சிக்காரர்கள் அவற்றில் கொடித்துணியைச் சுற்றிவிட்டார்கள்.

கீழே கூட்டம் திரண்டதும், முதல்வரான தலைவர் பால்கனிக்கு வந்தார். வீட்டுக்கொரு மாடி கட்டித் தருவதாக அறிவித்தார். "எங்க, கொடிய உயர்த்துங்க பாக்கலாம்."

கொடி கொண்டுவராதவர்கள் கம்புகளின் மேல் பாய்ந்தார்கள். மூன்று போய்விட்டன. நான்காவதைத் திருமாறன் கட்டிப்பிடித்துக்கொண்டார். தலையில் காரை உதிர்ந்தது.

"இது கொடிக்கம்பு இல்லப்பா, முட்டு. மேல பாரு" என்றார், அதை இழுத்தவனிடம்.

அவன் மேலே பார்த்தான். தலைவரைக் கும்பிட்டான். பிறகு திருமாறனின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தான், கோபமே இல்லாமல்.

"விடுங்க சார். தலைவர் நம்மளத்தான் பாக்குறாரு."