நகராத படம்

"நகரலம்மா. நின்ன எடத்துலேயே நிக்குது."

போனில் அப்பா சொன்னதும் கரீனுக்கு முகம் தொங்கிப்போனது. பிரான்சில், துலூஸில் இருக்கும் அண்ணன் ஆலேன் வீட்டிலிருந்து பேசினார். அவருக்காக அவள் இரண்டு வாரம் உட்கார்ந்து செய்த வலைப்பக்கம் அது.

அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் பதினெட்டு வருஷம் இருந்தவர். முத்தியால்பேட்டையில் 'சொல்தா வீடு', அதாவது பட்டாளத்துக்காரர் வீடு, என்று கேட்டால் யாரும் வழிகாட்டுவார்கள். பிரெஞ்சு தேசிய நாளான ஜூலை பதினாலாம் தேதி பதக்கங்களைக் குத்திக்கொண்டு கடற்கரைச் சாலையில் அணிவகுத்துப் போவதுதான் அவருக்குத் திருநாள். 2006 பிப்ரவரியில் பேரப்பிள்ளைகளைப் பார்க்கப் போனவர், மே மாதம் ஆகியும் திரும்பவில்லை. இந்த வருஷ அணிவகுப்பு அவருக்கு இல்லை என்று ஆகிவிட்டது.

அதனால்தான் போன வருஷம் அவர் நடந்துபோனபோது எடுத்த படத்தை ஒன்பது துண்டாக்கி, பக்கத்தில் கலைத்துப் போட்டிருந்தாள். மவுஸால் ஒரு துண்டைப் பிடித்து, இழுத்துவந்து, அதன் இடத்தில் விட வேண்டும். ஒன்பதும் சேர்ந்தால் அப்பா மிடுக்காக நிற்பார்.

"எந்த பிரவுசர்ல பாத்தீங்கப்பா?"

"அதெல்லாம் எனக்கு என்னாத் தெரியும்? நீ சரி பண்ணி அனுப்பு. பாக்குறேன்."

வைத்துவிட்டார்.

வலைப்பக்கம் செய்துதரும் அவள் அலுவலகத்தில் பக்கத்து நாற்காலி விக்ரம் எட்டிப் பார்த்தான். "எங்கிட்ட நல்லா நகருதே? உங்கப்பா மவுஸ சரியா அமுக்கியிருக்க மாட்டாரு, விடு."

"அவரு துப்பாக்கிய கண்ண மூடிக்கிட்டே கழட்டி மாட்டுவாருடா. மவுஸ அமுக்கத் தெரியாதா?"

இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில்தான் அதுவரை பார்த்திருந்தாள். ஃபயர்பாக்ஸை இறக்கித் திறந்தாள். துண்டைப் பிடித்து இழுத்தால் படம் அசையவில்லை. அதன் மங்கலான நகல் ஒன்று மட்டும் அம்புக்குறியோடு வந்து, விட்டதும் காணாமல் போனது.

"பாத்தியா? அப்பா சொன்னது சரிதான்!"

படம் என்றால் ஃபயர்பாக்ஸ் தானே முந்திக்கொண்டு இழுக்கப் பார்க்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு நாள் ஆனது. மவுஸை அமுக்கிய நொடியிலேயே 'நீ இழுக்காதே, நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று அதனிடம் சொல்ல நிரலில் ஒரே ஒரு வரிதான் தேவைப்பட்டது.

"அப்பா, இப்ப நகரும் பாருங்க!"

மறுநாள் போன் வந்தது. "நகரல. வேற அனுப்பு."

அடுத்து ஓபரா பிரவுசருக்காகத் திருத்தினாள். நகரவில்லை. ஒருவேளை ஆலேன் வீட்டில் ஆப்பிள் கம்ப்யூட்டரோ என்னவோ என்று, ஆரோவில் பக்கம் ஒரு டிசைனரிடம் அது இருப்பதை விசாரித்து, வெயிலில் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போனாள். அங்கே அதன் சஃபாரி பிரவுசரில் துண்டு அம்புக்குறியை விட்டு ஒரு சாண் தள்ளி வந்தது. அதையும் சரிசெய்தாள். ஏழு முறை திருத்தி அனுப்பினாள். ஏழு முறையும் அப்பா கோபப்படாமல், சலித்துக்கொள்ளாமல் ஒரே பதிலைச் சொன்னார்.

"நகரல. அடுத்தத அனுப்பு."

ஜூன் கடைசியில் முதலாளி ராமலிங்கம் அவளைக் கூப்பிட்டார். பாரிஸில் ஒரு நாற்காலி, சோபா வியாபாரி. வாங்க வருகிறவர்கள் சோபாவின் படத்தை இழுத்துவந்து அறையின் படத்துக்குள் போட்டுப் பார்க்க வேண்டுமாம். வேறு இரண்டு கம்பெனிகள் செய்துகொடுத்தது ஒரு பிரவுசரில் ஓடினால் இன்னொன்றில் படுத்துக்கொண்டது.

"நீ உங்கப்பாவுக்கு ஏதோ பண்ணியாமே? விக்ரம் சொன்னான்."

துண்டுகளை எடுத்துவிட்டு சோபாவை வைத்தாள். மூன்றே நாள். வியாபாரி நாலு பிரவுசரிலும் தானே இழுத்துப் பார்த்துவிட்டு ஸ்பீக்கரில் கத்தினார். "யார் இதை எழுதியது?"

ராமலிங்கம் போனை அவள் பக்கம் திருப்பினார். வீட்டில் கற்ற பிரெஞ்சில் கரீன் நிதானமாகச் சொன்னாள். "நான்தான். என் அப்பா குறை சொல்லிக்கொண்டே இருந்ததால் எழுதியது."

அலுவலகமே கைதட்டியது. இனி இந்த வேலைக்கு அவள்தான் தலைமை என்று ராமலிங்கம் எல்லோர் முன்னாலும் அறிவித்தார். கரீனுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆனாலும் உள்ளுக்குள் ஒரு முள் உறுத்தியது. உலகத்துக்கே நகர்கிறது, அப்பாவுக்கு மட்டும் நகரவில்லையே!

அன்று மாலை ஆலேன் கூப்பிட்டான்.

"கரீன்! நகர்ந்துடுச்சு! அப்பா ஒரு துண்ட இழுத்துக் கொண்டாந்து எடத்துல விட்டுட்டாரு!"

"ஐயோ அண்ணா! நெசமாவா?" நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டாள். "எந்த பிரவுசர்? கடைசியா நான் மாத்துனேனே, அதுதான?"



"நீ மொதல்ல அனுப்புனதுதான் கரீன். அது இங்க அன்னிலேருந்தே நல்லாத்தான் ஓடுது," என்றான் ஆலேன். "ஏப்ரல்ல அப்பாவுக்கு வலது பக்கம் இழுத்துக்கிச்சு, ஒங்கிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு. நீ 'இப்ப நகரும் பாருங்க'ன்னு சொன்னப்பல்லாம் அந்தக் கையத் தூக்கி மவுஸ் மேல வெக்கச் சொல்லி நாள் பூரா முக்கிப் பாப்பாரு... இன்னிக்குத்தான் வெரல் நகந்துது."